எலிகள் காட்டிக் கொடுத்த மன அழுத்தம்

கேள்வி: மன அழுத்தம் உடம்பையும் கெடுக்கும் என்ற ஆய்வுக்கு வித்திட்டவர் யார்?

பதில்: வியன்னாவில் 1907-இல் பிறந்த ஹான்ஸ் செலி. கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காகச் சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, பிறகு அறுத்துப் பார்த்தார். அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண்கள். ஹார்மோன் சிக்கிவிட்டது என்றே நம்பினார். ஆனால் சிறுநீரகச் சாற்றைச் செலுத்தினாலும் அதே மூன்று மாற்றங்கள், ஃபார்மலினைச் செலுத்தினாலும் அதேதான்! கடுங்குளிரில் விட்ட எலிகளுக்கும், ஓயாமல் ஓடவிட்ட எலிகளுக்கும் கூட அப்படியே ஆனது.

எந்தத் துன்பம் வந்தாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்று 1936-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அந்தச் சிறு கடிதத்திலிருந்துதான் மன அழுத்த ஆய்வு என்ற துறை கிளைத்தது.

ஒரு விஷயம் பின்னால் திருத்தப்பட்டது. மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

எலிகளிடம் வீங்கியிருந்த அந்த அட்ரினல் சுரப்பியிலிருந்துதான் மனிதர்களுக்குக் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. நாய் துரத்தும்போது அது நமக்கு உற்ற துணை: ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, ஓடத் தெம்பு தரும். ஆபத்து நீங்கியதும் அளவு இறங்கிவிடும். கடன், வேலை பயம், வீட்டுச் சண்டை என்று மாதக்கணக்கில் நீண்டால்தான் வினை. ரத்த அழுத்தம் கூடும், தூக்கம் கெடும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். மூளையையும் அது விடுவதில்லை. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்த வகை ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்வதை, 1968-இல் நியூயார்க்கில் புரூஸ் மெக்யுவன் எலிகளிடம் கண்டார். நெடுநாள் கவலையில் இருப்பவர்கள் “எதுவுமே நினைவில் நிற்கவில்லை” என்று சொல்வது சாக்கு அல்ல.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் குழுவினர் செய்து, 1995-இல் வெளியிட்ட ஆய்வு மனதை உலுக்கும். மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், உறவினரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஆற ஏறக்குறைய 49 நாள் பிடித்தது. வயதிலும் வருமானத்திலும் இரு குழுவினரும் ஒத்தவர்களே.

நம் மருத்துவமனைகளில் நோயாளியை அழைத்துவரும் மனைவியையோ மகளையோ யாரும் கவனிப்பதில்லை. அதே நாளில் அவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, “நீங்க தூங்குறீங்களாம்மா?” என்று கேட்க ஐந்து நிமிடம் போதும்.