மேசைக்கு ஒரு வேளை, மடிக்கு ஒரு வேளை

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "தைக்க ஆசையாக இருக்கிறது அக்கா, நேரம்தான் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட வேண்டும், பிறகு வேலை, மாலையில் மாமியாருக்கு மருந்து, வெள்ளிக்கிழமை கோயில், வாரக் கடைசியில் யார் வீட்டிலாவது கல்யாணம் அல்லது காரியம். புந்தோங்கில் குடும்பம் நடத்தும் பெண் இதில் எதையும் தட்டிக்கழிக்க முடியாது; கழிக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனால் உன்னிடம் இல்லாதது ஒரு முழு நாள்தானே தவிர, நேரம் அல்ல. துண்டுத்துணிப் போர்வைக்கு முழு நாள் எப்போதாவதுதான் தேவைப்படும்.

இந்த வேலை இரண்டு வகை. துணி வெட்டுவது, நிறம் பார்த்து அடுக்குவது, மேல்துணியையும் அடித்துணியையும் தரையில் விரித்துச் சுருக்கமில்லாமல் பிடிப்பது, இதற்கெல்லாம் மேசை வேண்டும், யாரும் கூப்பிடாத ஒரு காலைப்பொழுது வேண்டும். மற்றதெல்லாம் மடியில் நடக்கிற வேலை. இரண்டையும் கலந்துகொள்கிறவர்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால், அந்தப் பத்து நிமிடமும் கத்தரிக்கோல் தேடுவதிலேயே போய்விடும்.

ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, பசியாறிய கையோடு, வெட்டுவதை மட்டும் செய். பழைய பள்ளி நோட்டுத் தாளில் அறுகோணங்களை அச்சுப் பிசகாமல் வெட்டிக்கொள். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, தாள்மேல் மடித்து ஓட்டுத்தையல் போட்டுவை. பத்துப் பன்னிரண்டு துண்டு, ஊசி, நூல், சின்னக் கத்தரி, எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கும். அந்த டின் கைப்பையிலேயே இருக்கட்டும். டியூஷன் வாசல், மருத்துவமனை வரிசை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் தொடங்கும் வரையிலான காத்திருப்பு எல்லாம் உனக்குத் தையல் நேரம். இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்க, பிள்ளை வகுப்பு முடிந்து வெளியே வருகிற நேரம் போதும்.

இந்த அறுகோணம் நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சோதனையைக் கடந்து வந்திருக்கிறது. 1942இல் ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூரின் சாங்கி சிறையில், எலிசபெத் எனிஸ் என்ற பெண்மணி சிறை வைக்கப்பட்ட சிறுமிகளைச் சேர்த்துச் சாரணியர் படை ஒன்றை நடத்தினார். அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுக்க, அவருக்கே தெரியாமல் அந்தப் பிள்ளைகள் ஒரு போர்வை தைக்க ஆரம்பித்தார்கள். கிடைத்த கந்தல்களை அறுகோணங்களாக வெட்டிப் பூப்பூவாக இணைத்தார்கள். தங்கள் பெயர்களையும் நூலில் பதித்தார்கள். அது இன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே சிறையில் பெரிய பெண்கள் தைத்த போர்வைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள், ஒரு சதுரம் ஒரு பெண்ணின் கைவேலை. யாரும் ஒரு போர்வையைத் தனியாகத் தூக்கிச் சுமக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

மேசையே இல்லை என்றால் கர்நாடகத்து சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையைப் பார். அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத்தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அளவெடுப்பு கிடையாது, துணியை இழுத்துக் கட்டும் சட்டம் கிடையாது. நம் ரப்பர் தோட்டத்துப் பாட்டிகள் பழஞ்சேலைகளை அடுக்கிப் பிள்ளைக்கு விரிப்புத் தைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான். விடியுமுன் பெரட்டுக் கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு, பால் எடுத்து ஸ்டோரில் சேர்த்துத் திரும்பி வந்து உலை வைத்த பெண்கள் அவர்கள். லயத்து வாசலில் பேசிக்கொண்டே தைத்தார்கள். அதை யாரும் கலை என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சிறிது சிறிதாகச் சேர்ப்பதைப் பேராக்கில் பிறந்தவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்களின் சிறு பங்குப் பணம் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டமே வாங்கப்பட்டது. உன் பத்து நிமிடங்களையும் அந்தப் பங்குப் பணம் போலக் கட்டிக்கொண்டு வா.

ஆனால் கல்லுமலைக் கோயிலில் தைப்பூசம் நடக்கிற வாரத்தில் ஊசியைத் தொடாதே. அன்னதானத்துக்குக் காய் நறுக்கிவிட்டு நள்ளிரவில் தைத்தால் தையல் கோணும், மறுநாள் பிரிக்க வேண்டிவரும். மூடி வைக்குமுன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் துணியில் குத்தி வை. மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் கை நேராக வேலையில் இறங்கும்.

இன்னொன்று, இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே இரு. நீ தைப்பது தெரிந்ததும் சொந்தத்தில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஒன்று கேட்பார்கள். "சும்மா இருக்கும்போது தைத்துக் கொடேன்" என்பார்கள். வருடத்துக்கு ஒருவருக்கு என்று வைத்துக்கொள், மற்றவர்களிடம் முகம் சுளிக்காமல் இல்லை என்று சொல். ஒரு போர்வையாவது யாருக்கும் என்று இல்லாமல் உனக்காக வளரட்டும். இல்லையென்றால் இதுவும் கடமைப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு உனக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

துணிக்குச் செலவு வேண்டாம். தீபாவளிக்கு முன் ஈப்போ லிட்டில் இந்தியா பக்கத்துத் தையல்கடைகளில் வெட்டுத்துணி குவியும்; கேட்டுப் பார். பருத்தியை மட்டும் எடு. நைலெக்ஸ் மடிப்பில் நிற்காமல் வழுக்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு நடுவில் பஞ்சு எதற்கு? நைந்த வேட்டி ஒன்று போதும்.

பாட்டியின் பாத்தேக் கைலியை வெட்ட மனம் வரவில்லை என்றாய். வெட்டு. அலமாரியில் வைத்தால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா பார். ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசு. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. உட்கார்ந்து தேய்ந்த இடம் மெலிந்து தெரியும், அதை ஒதுக்கிவிடு. பூ மாறி வருகிற தலைப்பகுதியைப் போர்வையின் நடுவுக்கு முழுசாக வை. ரப்பர்ப் பால் கறை இருந்தால் வருத்தப்படாதே, துவைத்தாலும் போகாது. காய்ந்த பால்மேல் ஊசி எளிதில் இறங்காது என்பதால், கறை துண்டின் நடுவில் விழும்படி வெட்டிக்கொள், தையல் ஓரத்தில் வேண்டாம். வெட்டியதும் எழுது, எதை எதோடு சேர்ப்பது என்று நேரில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா