கறுப்புப் பூஞ்சையும் கண்ணும்



2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு ‘கறுப்புப் பூஞ்சை’ நோயும் நம் நாட்டில் பெருகியது. அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு, இந்நோய் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இப்பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் உள்ளன. திடகாத்திரமானவரை அவை பெரும்பாலும் தாக்குவதில்லை. கொரோனாவால் உடல் தளர்ந்து, கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தபோது, பூஞ்சை மூக்கில் வேரூன்றி, சைனஸ் வழியாகக் கண்குழியை எட்டியது. அங்கே இரத்தக் குழாய்களை அடைத்துப் பார்வை நரம்பையும் கெடுத்தது. அது மூளைக்கு ஏறாதபடி, சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

1. மூக்கடைப்பு, கறுத்த சளி.
2. ஒரு பக்க முகவலி, வீக்கம்.
3. இமை தொங்குதல், இரட்டைப் பார்வை.

சர்க்கரை நோயாளிக்கு இவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். ஆம்போடெரிசின் மருந்தும் அறுவைச் சிகிச்சையும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ, அவ்வளவுக்கு நல்லது.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. கண்ணிழந்து ஆலயத்துக்கு வருகிறவர் அருகில் அமரத் தயங்க வேண்டாம். ‘யார் செய்த பாவம்’ என்ற கேள்வியை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஏற்கவில்லை, நாமும் கேளாதிருப்போம்.