நெஞ்செரிச்சலும் இரவுச் சாப்பாடும்



சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களிக்கிறது என்று கிராமத்தில் வந்து சொல்பவர்களில் வீட்டுக்கார அம்மாக்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி, பத்து மணிக்கு மீந்ததைச் சாப்பிட்டு, அப்படியே பாயில் சாய்கிறார்கள்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மேலே ஏறாதபடி, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு தசை சுருக்குப்பை வாய் மாதிரி இறுகியிருக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அந்தச் சுருக்கு நெகிழும். அமிலம் மேலே வரும்.

ஆகவே சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 2 முதல் 3 மணி நேரம் விடுங்கள். ஐயா, நீங்கள் வயலிலிருந்து திரும்பியதும் டீக்கடையில் உட்கார்ந்துவிடாமல் வீட்டுக்கு வந்து, 7 மணிக்கே மனைவியோடு சேர்ந்து சாப்பிடுங்கள். பாத்திரத்தை அப்புறம் கழுவலாம். நீங்களே கழுவினாலும் குற்றமில்லை!

"காரத்தைக் குறைச்சும் எரியுதுங்க" என்பார்கள். காரம் எல்லோருக்கும் ஒன்றுபோல் செய்வதில்லை. எதைத் தின்றால் எரிகிறதோ அதைக் குறைத்தால் போதும். எண்ணெய்ப் பலகாரம், பீடி, புகையிலை, சாராயம் இவை அந்தச் சுருக்கைத் தளர்த்தும். சோடா குடித்து ஏப்பம் விட்டால் தேவலைபோல் இருக்கும்; ஆனால் வயிறு உப்பி, எதுக்களிப்பு கூடும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் அடியில் செங்கல் கொடுத்து 6 அங்குலம் உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவதால் கழுத்துதான் மடங்கும். பாயில் படுப்பவர்கள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். பாவாடை நாடாவையும் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

கர்ப்பிணிக்கு எரிச்சல் வருவது சகஜம். கர்ப்பப்பை வளர்ந்து இரைப்பையை மேலே தள்ளுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடட்டும். கடை மாத்திரை வேண்டாம், கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, குப்பென்று வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். வாயுப்பிடிப்பு என்று ஓமத்தண்ணீர் கொடுத்து நேரத்தைக் கடத்தாமல் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார்போல் கருத்துப் போனாலும் தாமதிக்கக் கூடாது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத இளைப்பு, அடிக்கடி வரும் எரிச்சல் இவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை தின்பவர்கள் அதன் அட்டையையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். சில வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும்.