டிராஃப்டில் புது விதி: நம்புவதும் நடப்பதும்

பேன்டஸி ஃபுட்பால் என்றதும் நம் ஊர் கிரிக்கெட் செயலிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் கோலியை ஒரே நேரத்தில் லட்சம் பேர் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நண்பர்களும் அலுவலகத் தோழர்களும் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லின் ஆட்டங்களை வைத்து நடத்தும் லீகில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒரு வீரர் ஒருவருக்கே சொந்தம். ஆகவே சீசனுக்கு முன் வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்ட் நாள் அவர்களுக்குத் திருவிழா மாதிரி. அந்தப் பங்கீட்டில் வழக்கமில்லாத விதி ஒன்றைச் சேர்க்கலாமே என்று ஒருவர் வாயைத் திறந்தால் உடனே சண்டை வந்துவிடும். சண்டையில் இரு தரப்பும் எடுத்து வீசும் வாதங்கள் பலவும் விசாரிக்காமல் நம்பியவை.

“வழக்கமான விதிதான் அசல் ஆட்டம். மற்றதெல்லாம் ஒட்டு வேலை.”

அசலைப் போய்ப் பார்ப்போம். 1962இல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியோடு நியூயார்க் போயிருந்தபோது விடுதியில் நண்பர்களோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்துக்கு விதி எழுதினார். முதல் டிராஃப்ட் 1963 ஆகஸ்டில், ஓக்லாந்தில் அவர் வீட்டிலேயே நடந்தது. எட்டு அணிகள். முதலில் எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. ஓடுவதில் நிகரில்லாத ஜிம் பிரவுன் காத்திருக்க, பந்தை எறியவும் உதைக்கவும் தெரிந்த பிளாண்டாவை எடுத்தார்கள். புள்ளி சேரும் விதத்தைப் பொறுத்தே வீரரின் மதிப்பு என்பதை முதல் நாளே புரிந்துகொண்டவர்கள் அவர்கள். பிடிக்கும் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு புள்ளி தரும் பிபிஆர் முறை இன்று பல லீகுகளில் மாற்றக் கூடாத மரபாகிவிட்டது. அதுவும் ஒரு காலத்தில் யாரோ சேர்த்த புது விதிதான். வரிசைப்படி எடுக்காமல் வீரர்களை ஏலத்தில் எடுக்கும் முறையும் நேற்று முளைத்ததில்லை. 1980இல் டேனியல் ஓக்ரென்ட் தொடங்கிய ரோட்டிசரி என்ற பேன்டஸி பேஸ்பால் லீக் ஏலத்தில்தான் வீரர்களைப் பிரித்துக்கொண்டது.

“ஸ்னேக் டிராஃப்ட் எல்லோருக்கும் சமம்.”

இதை நம்பாதவர் குறைவு. முதல் சுற்று ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை போகும், அடுத்த சுற்று பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும், இப்படிப் பாம்பு போல வளைந்து வளைந்து முடியும். முதல் நான்கு சுற்றுகளின் எண்ணைக் கூட்டிப் பார்த்தால் சமம்தான். முதல் இடத்துக்காரருக்கு 1, 24, 25, 48 ஆகிய வாய்ப்புகள், கூட்டினால் 98. கடைசி இடத்துக்காரருக்கு 12, 13, 36, 37; அதுவும் 98.

ஆனால் வீரர்களின் தரம் எண்ணைப் போல ஒரே சீராக இறங்குவதில்லை. உச்சியில் செங்குத்தாக இறங்கி, கீழே போகப் போகத் தட்டையாகிவிடுகிறது. முதல் வீரருக்கும் பன்னிரண்டாவது வீரருக்கும் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் பெரியது. 36க்கும் 48க்கும் நடுவே அவ்வளவு இருக்காது. அப்படியிருக்க, முதல் ஆளுக்கு 24ஐ அடுத்து 25உம் கையில் விழுகிறது; கடைசி ஆள் 36 வரை காத்துக் கிடக்கிறார். இதைச் சரிசெய்யவே மூன்றாம் சுற்றைத் திருப்பிப் போடும் விதி வந்தது. மூன்றாவது சுற்றும் பன்னிரண்டிலிருந்தே தொடங்கும். அப்போது முதல் ஆளுக்கு 1, 24, 36, 37. கடைசி ஆளுக்கு 12, 13, 25, 48. கூட்டுத்தொகை மாறவில்லை, ஆனால் நல்ல வாய்ப்பு ஒன்று தேவைப்பட்டவர் பக்கம் நகர்ந்திருக்கிறது. கேட்கும்போது கோணலாகத் தெரியும் இந்த விதி, நேரானது என்று நாம் நம்பும் விதியைவிட நியாயத்துக்கு நெருக்கமானது.

ஏலம் இன்னும் நேர்மை. எந்த வீரரையும் யாரும் கேட்கலாம். வழக்கமாக ஆளுக்கு 200 கற்பனை டாலர். பதினாறு இடங்களை நிரப்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு டாலர் என்றால், முதல் வீரருக்கு 185க்கு மேல் கூவ முடியாது. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

“புது விதி வந்தால் திறமை போய் அதிர்ஷ்டம்தான் ஜெயிக்கும்.”

சூப்பர்ஃப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அணியில் ஒரு பொது இடத்தில் இரண்டாவது குவார்ட்டர்பேக்கையும் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இறக்கலாம் என்பதுதான் விதி. என்எஃப்எல்லில் 32 அணிகள், ஆக வாரந்தோறும் ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக்குகள் அதிகபட்சம் 32 பேர். பன்னிரண்டு பேர் ஆடும் சாதாரண லீகில் ஆளுக்கு ஒருவராகப் பன்னிரண்டு குவார்ட்டர்பேக்குகளே போதும். மீதி சும்மா கிடப்பார்கள். அதனால்தான் விவரமானவர்கள் குவார்ட்டர்பேக்கை அவசரப்பட்டு எடுப்பதில்லை. சூப்பர்ஃப்ளெக்ஸ் வந்தால் தேவை 24 ஆகிறது. அணிகளுக்கு ஓய்வு வாரம் வரும், காயமும் வரும். போன வருடம் மலிவாகக் கிடைத்தவர்கள் முதல் சுற்றிலேயே பறந்துவிடுவார்கள். இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது? போன வருடப் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு வருபவர் தோற்பார், கணக்கை மறுபடி போட்டவர் முந்துவார். நல்ல விதிக்கு நான் சொல்லும் ஒரே அடையாளம் இதுதான்: எல்லோரையும் மறுபடி யோசிக்க வைக்க வேண்டும். போட்டியாளரின் வரிசையைச் சீட்டுக் குலுக்கிக் கலைப்பதுபோல ஒன்றைச் சேர்த்தால் யோசித்தவருக்கும் யோசிக்காதவருக்கும் ஒரே பலன். அந்த மாதிரி விதியை எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நான்.

“போன சீசனில் கடைசியில் வந்தவருக்கு முதல் வாய்ப்பு. அதுதானே நியாயம்?”

என்எஃப்எல் அப்படித்தான் செய்கிறது. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை அது. முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. ஆனால் அங்கே நலிந்த அணி அடுத்த வருடமும் அதே அணியாகவே தொடர்கிறது. நண்பர்கள் லீகுகள் பலவற்றில் வருடா வருடம் எல்லா வீரர்களையும் கலைத்துவிட்டுப் புதிதாக எடுப்பதால் நலிந்த அணி என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. சில வீரர்களை அடுத்த வருடத்துக்கும் தக்கவைக்கும் லீகிலோ, இந்த விதி வேண்டுமென்றே தோற்கத் தூண்டுதலாகிவிடும். பிளேஆஃப் வாய்ப்பை இழந்தவர்கள் தங்களுக்குள் ஆடி, அதில் ஜெயிப்பவர் முதல் வாய்ப்பைப் பெறட்டும் என்ற விதி இதற்கு நல்ல மருந்து. சீசனின் கடைசிக் கட்டமான டிசம்பரில் யாரும் அணியைக் கைவிட மாட்டார்கள்.

“வேடிக்கைக்குத்தானே! டிராஃப்ட் அன்று லீகை நடத்தும் கமிஷனர் சொன்னால் போதும்.”

இந்த நம்பிக்கைதான் நட்பைக் கெடுக்கிறது. வீரர்களைத் தக்கவைக்கும் லீகில் ஒருவர், குவார்ட்டர்பேக் மலிவு என்று எண்ணி, தன்னிடமிருந்த நல்ல குவார்ட்டர்பேக்கைப் போன நவம்பரில் வேறு வீரருக்கு மாற்றிக்கொண்டிருப்பார். ஆகஸ்டில் திடீரென்று சூப்பர்ஃப்ளெக்ஸ் என்றால் அவர் ஏமாற்றப்பட்டவர் ஆகிறார். அத்தகைய லீகில் புது விதியை ஒரு முழு சீசன் முன்னதாகச் சொல்லியாக வேண்டும். மற்ற லீகுகளில், யாருக்கு எந்த இடம் என்று குலுக்கிப் போடுவதற்கு முன்பாவது. இடம் தெரிந்த பிறகு விதியை மாற்றினால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சலுகையாகத்தான் படும்.

எழுதும்போதும் முழுசாக எழுத வேண்டும். ஒருவர் இப்போதுதான் எடுத்த வீரரை மற்றவர் ஒரே ஒரு முறை பறித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியை வைத்துக்கொள்வோம். பறிகொடுத்தவர் உடனே வேறு ஆளை எடுக்கலாமா, அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பறித்தவர் தன் அடுத்த வாய்ப்பை இழப்பாரா? பறிக்கப்பட்ட வீரரை மூன்றாவது ஆள் மறுபடி பறிக்கலாமா? முதல் சுற்றிலும் இது செல்லுமா? இந்த நான்குக்கும் பதிலை எழுதி, எல்லோருக்கும் அனுப்பி, ஒரு ஒத்திகை டிராஃப்ட் நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு வாக்கெடுப்பு வையுங்கள்.