கிட்டார் டெக்னீஷியன் ஆக ஒரு கிட்டில் தொடங்குங்கள்

கிட்டார் பழுதுபார்க்கும் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் ஓர் எலக்ட்ரிக் கிட்டார் கிட்டை வாங்கி முழுதாகச் செய்து முடியுங்கள். டெலிகாஸ்டர் மாதிரி நல்ல தொடக்கம். அமெரிக்காவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வடிவம் அது. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் பழுதுபார்ப்பவரின் சிரமம் தெரியும். அதனால் நெக்கைப் பாடியோடு ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டு இணைத்தார். கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள இதைவிட வசதி வேறில்லை.

1. பூட்டிப் பார்த்த பிறகே பெயிண்ட்

பெட்டியைப் பிரித்ததும் பலரும் பெயிண்ட் டப்பாவைத்தான் தேடுகிறார்கள். வேண்டாம். முதலில் நெக்கையும் பிரிட்ஜையும் பொருத்தி, இரண்டு ஓரக் கம்பிகளை மட்டும் கட்டுங்கள். அவை ஃப்ரெட்போர்டின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே அளவு தள்ளி ஓட வேண்டும். இந்த மாதிரியின் ஸ்கேல் நீளம் 25.5 அங்குலம், அதாவது சுமார் 648 மி.மீ. நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டுக்கு உள்ள தூரமும் அங்கிருந்து பிரிட்ஜ் சேடிலுக்கு உள்ள தூரமும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். கோணல் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு திருத்தினால் மரமும் கெடும், பூச்சும் கெடும். ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் மெழுகு தடவினால் தலை உடையாது.

2. பூச்சுக்கு அவசரம் ஆகாது

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 120, 180, 220, 320 என்ற வரிசையில், மர ரேகையின் போக்கிலேயே உப்புத்தாள் போடுங்கள். சில கிட்கள் சீலர் அடித்தே வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மரம் உறிஞ்சாமல் சொட்டு அப்படியே நின்றால் சீலர் இருக்கிறது, ஸ்டெயின் பிடிக்காது. ஆஷ், மஹாகனி போன்ற மரங்களில் துளைகள் தெரியும். கண்ணாடிபோல வழவழப்பு வேண்டுமானால் ஃபில்லர் கொண்டு அடைக்க வேண்டும்.

லாக்கரை மெல்லிய பூச்சாகப் பல தடவை அடியுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் நைட்ரோ லாக்கர் வெளுத்துப் பால்போல ஆகும். மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். கடைசிப் பூச்சுக்குப் பின் சில வாரம் காயவிட்டு, 1000 முதல் 2000 வரையுள்ள வாட்டர் பேப்பரால் தேய்த்து பாலிஷ் போடுங்கள்.

ஸ்ப்ரே செய்யும்போது ரசாயன ஆவியைத் தடுக்கும் மாஸ்க் கட்டாயம். எண்ணெய்ப் பூச்சு என்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

3. ஒயரிங்

பாலிஷ் முடிந்ததும் பாகங்களைத் திரும்பப் பூட்டுங்கள். வால்யூம், டோன் பாட்கள் சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். பிரிட்ஜுக்கு எர்த் ஒயர் போகிறதா என்று பாருங்கள். அது விட்டுப்போனால் இரைச்சல் கூடும். மூடி போடுவதற்கு முன் ஆம்ப்பில் இணைத்துச் சோதியுங்கள்.

4. சோறு போடும் வேலை: செட்டப்

வாடிக்கையாளர் அடிக்கடி தேடி வருவது இதற்குத்தான். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, 7-ஆம் ஃப்ரெட்டருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.25 மி.மீ. போதும். கூடக்குறைய இருந்தால் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருப்புங்கள்; ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1.6 முதல் 2 மி.மீ. வரை இருக்கட்டும். பிறகு அதே ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

5. வேலை கேட்கப் போகும்போது

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுங்கள். செட்டப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை நோட்டில் எழுதுங்கள். இசைக்கருவிக் கடைக்காரரிடம் அந்த நோட்டையும் கிட்டாரையும் சேர்த்தே நீட்டுங்கள். பளபளப்பு கண்ணில் படும்; ஆனால் அவர் வாசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பங்கு செட்டப்புக்கே போகட்டும். அடுத்து நண்பர்களின் கிட்டார்களைக் கேட்டு வாங்கிச் செட்டப் செய்யுங்கள். ஒவ்வொரு நெக்கும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும். பல நெக்குகளைக் கையாண்டவருக்கே இந்தத் தொழில் கைவசமாகும்.