மூக்குப் புட்டியை ஏன் குப்பையில் போட்டாய்?

சத்தியமங்கலம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. கொள்ளேகால் பட்டு ரீலிங் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து விடியக்காலையில் தும்மல் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்பிரேயில் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கிறது, தரை கழுவும் கிருமிநாசினியிலும் அதேதான் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்த் தூக்கி எறிந்துவிட்டாயாம். இப்போது பழைய புட்டி ஒன்றைக் கழுவி, வீட்டு உப்புத் தண்ணீரை ஊற்றி, இரண்டு வாரமாக அதையே அடித்துக்கொண்டிருக்கிறாயாம்.

கொள்ளேகால் என்றாலே நம் பக்கத்தில் மாந்திரீகம் பற்றித்தான் பேச்சு. கண்ணுக்குத் தெரியாததற்குப் பெயர் வைத்துவிட்டால் பயம் தானாக வந்துவிடும். லேபிளில் இருக்கும் நீளப் பெயர்களும் அந்த வகைதான்.

உனக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. தரை கழுவும் சில திரவங்களில் அது உண்டு. ஆனால் அளவைப் பார். மூக்கு ஸ்பிரேயில் அது பொதுவாக 0.01 முதல் 0.02 சதவீதம். 10 மில்லி புட்டி முழுவதையும் சேர்த்தால் 1 அல்லது 2 மில்லிகிராம். கிருமி கொல்லும் இதன் குணத்தை 1935இல் எழுதியவர் கெர்ஹார்ட் டோமாக். சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசி. புட்டியின் மூக்கை உன் மூக்கில் வைக்கிறாய். அழுத்தி விட்டதும் உள்ளே போகும் காற்றோடு உன் மூக்குச் சளியின் துளியும் போகலாம். நல்ல ஆரோக்கியமான ஆட்களிலேயே நாலில் ஒருவருக்காவது மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி குடியிருக்கும். ஒரே புட்டியை ஒரு மாதம் பயன்படுத்தும்போது அதற்குள் எதுவும் பெருகாமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவ்தான் அந்த ஓரிரு மில்லிகிராம்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டுப் பெயரே அடிபட்டது. அது மூக்கு மருந்து இல்லை, கண் மருந்து. திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில் குளோபல் ஃபார்மா ஹெல்த்கேர் தயாரித்து, அமெரிக்காவில் எஸ்ரிகேர் என்ற பெயரில் விற்ற செயற்கைக் கண்ணீர். பலமுறை பயன்படுத்தும் புட்டி; பிரிசர்வேட்டிவ் கிடையாது. 2023 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மே மாதக் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேருக்கு, எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத சூடோமோனாஸ் தொற்று. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேரின் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். ஆலைக்கு நேரில் வந்த அமெரிக்க அதிகாரிகள், கிருமி நீக்கத்துக்கு உத்தரவாதமில்லாத தயாரிப்பு முறை என்றும், பலமுறை திறக்கும் புட்டியில் போதிய பிரிசர்வேட்டிவ் இல்லை என்றும் எழுதினார்கள். மாதிரிகளைச் சோதித்த நம் அதிகாரிகள் அவற்றில் கிருமி இல்லை என்றார்கள். அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலை இல்லை. ஆனால் ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்ற வாசகத்தைப் பார்த்து நம்பி வாங்கியவர்களை நினைத்துப் பார்.

பென்சால்கோனியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆய்வகத்தில் மூக்குச் செல்களின் மேல் ஊற்றினால் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் நின்றுபோகின்றன. ஐரோப்பாவில், நெடுநாள் போட்டால் மூக்குக்குள் எரிச்சலோ வீக்கமோ வரலாம் என்று மருந்துத் தாளில் அச்சிடச் சொல்கிறார்கள். மறுபக்கம், இதே பொருள் உள்ள மொமெட்டசோன் ஸ்பிரேயை ஒரு வருடம் போட்டவர்களின் மூக்குச் சவ்வைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது சேதம் இல்லை. ஆய்வகத் தட்டில் சளி இல்லை. உன் மூக்கில் நிறையவே இருக்கிறது, அது மருந்தை நீர்க்கச்செய்து கழுவிவிடுகிறது. எரிச்சல் இருந்தால் டாக்டரிடம் சொல். காற்றை வடிகட்டி உள்ளே விடும் பம்ப் வைத்த, பிரிசர்வேட்டிவ் தேவைப்படாத புட்டிகளும் உண்டு. அவை பொறியாளர்கள் மெனக்கெட்டுச் செய்தவை. பழைய புட்டியைக் கழுவினால் அது அப்படி ஆகிவிடாது.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. மூக்கடைப்பைப் பட்டென்று திறக்கும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் ஸ்பிரேக்கள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்குமேல் போனால் மருந்து விட்டதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும், மறுபடி அடிப்பாய். மருந்துக் கடை வைத்திருந்த நானே எட்டு மாதம் அதில் மாட்டிக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த வகை ஸ்பிரேயில் பென்சால்கோனியம் சேர்ந்தால் அந்த வீக்கம் கூடுகிறது என்று ஸ்வீடனில் ஹாலென், கிராஃப் இருவரும் 1995இல் எழுதினார்கள். அங்கேயும் முதல் குற்றவாளி நாள் கணக்கு மறந்து அடிக்கும் கைதான்.

உனக்கு டாக்டர் கொடுத்தது எந்த வகை என்று நீ எழுதவில்லை. பேர் தெரியாமல் எறிந்தாயா?

உப்புத் தண்ணீர் நல்லதுதான். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கொதிக்கவைத்து ஆறின தண்ணீர். அன்றைக்குச் செய்தது அன்றைக்கே, மிச்சத்தை ஊற்றிவிடு. குழாய்த் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ அப்படியே வேண்டாம். கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

இன்னொன்று, தும்மலின் வேர் புட்டியில் இல்லை. கூட்டுத் தூசியும் வேகவைத்த புழுவின் ஆவியும் பட்டுத் தொழிலாளிகளுக்கு மூக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் கொண்டுவருவது தெரிந்த சங்கதி. கூடு பிரிக்கும்போது நல்ல மாஸ்க் போடு. மேஸ்திரியிடம் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல். இளைப்பு இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

புதுப் புட்டி வாங்கியதும் திறந்த தேதியைப் பேனாவில் மேலே எழுது. வேறு யாருக்கும் கொடுக்காதே, அம்மாவுக்கும்தான். அந்தப் பழைய புட்டியை இன்றைக்கே எறி. புதுசின் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

உன் மாமா