பொது வாழ்வில் சர்வேசுரனின் திருநாமம்



நாட்டின் சட்டத்தில் சர்வேசுரனுடைய திருநாமம் இடம்பெற வேண்டுமா? 1949 அக்டோபர் 17ந் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபையில் இக்கேள்வி எழுந்தது. சட்டத்தின் முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டுமென்று எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்குச் சார்பாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன, திருத்தம் தோற்றது.

எதிர்த்தவர் எல்லோரும் நாஸ்திகர் என்று எண்ணிவிடாதீர்கள். தெய்வ நம்பிக்கையுள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். விசுவாசத்தை எவர்மேலும் கட்டாயமாகச் சுமத்தலாகாது என்பதே அவர்கள் சொன்ன நியாயம். அதே சட்டத்தின் 25ம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், தன் மதத்தை அறிக்கையிடவும் அனுசரிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் காக்கிறது. மந்திரிகள் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது மனமார உறுதி கூறலாம். ஆகவே விசுவாசம் வெளியே தள்ளப்படவில்லை. மனிதனுடைய சுயாதீனத்துக்கு விடப்பட்டது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1954ல் கொடி வணக்க உறுதிமொழியில் கடவுளின் நாமம் சேர்க்கப்பட்டது. 1956ல் கடவுளை நம்புகிறோம் என்பது நாட்டின் விருதுவாக்கு ஆயிற்று. ஆயினும் 2025 ஜனவரி 21ந் தேதி வாஷிங்டன் பேராலயத்தில், ஜனாதிபதி பதவியேற்ற மறுநாள் நடந்த ஜெப வழிபாட்டில், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த மேற்றிராணியார் மரியன் பட்டி, அவர் முன்னிலையிலேயே இரக்கம் கேட்கவேண்டியிருந்தது. பெற்றோர் நாடுகடத்தப்படுவார்களோ என்று நடுங்கும் பிள்ளைகளுக்காக அவர் மன்றாடினார்.

இதனால் நாம் அறிவது என்ன? திருநாமத்தை எழுதிவைப்பது எளிது. அதற்கேற்ப இரங்குவதே கடினம். அர்ச். மத்தேயு சுவிசேஷம் 25ம் அதிகாரத்தை வாசியுங்கள். பொதுத் தீர்வை நாளில் சேசுநாதர் நம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கப்போவதில்லை. அந்நியனாக வந்த தம்மைச் சேர்த்துக்கொண்டோமா என்றே கேட்பார்.

அந்த அந்நியன் இன்று ஓசூரில் இருக்கிறான். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து தொழிலாளர் நம் ஆலைகளுக்கு வருகிறார்கள். 2022 முதல் ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண்களும் வந்திருக்கிறார்கள். சேசு சபைக் குருவான கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885 முதல் வேதம் போதித்த சோட்டாநாகபுரி அவர்களுடைய பூமி. பூசையில் கடைசி வரிசையில் மொழி தெரியாமல் முழந்தாளிடும் பெண் உங்கள் சொந்த ஞானச் சகோதரியாக இருக்கலாம். அவள் வேறு மதத்தவளானாலும் கட்டளை மாறாது.

நாமும் அந்நியராயிருந்தவர்களே. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூர்த் தமிழர் ஆயிரக்கணக்கில் எல்லை கடந்து ஓடிவந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று நாம் எதிர்பார்த்த இரக்கத்தை இன்று பிறருக்கு மறுக்கலாமா? அவர்களிடம் கூடுதல் வாடகை கேட்பதும், "வடக்கத்தியான்" என்று இகழ்வதும் ஜெபமாலை பிடிக்கும் கைக்கும் நாவுக்கும் தகுமா?

இவ்வாரத் தீர்மானங்கள்:

1. குடும்ப ஜெபமாலையில் ஒரு பத்து மணி அவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள்.

2. வீடு வாடகைக்கு விடுவோர் எல்லோருக்கும் ஒரே வாடகை சொல்லுங்கள்.

3. பூசை முடிந்ததும் அவர்களில் ஒருவரிடமாவது பேசி, ஒருவேளை உணவுக்கு அழையுங்கள்.

4. தெருவிலோ வார்டு கூட்டத்திலோ அவர்களை விரட்டவேண்டுமென்று யாரேனும் பேசினால், மௌனமாயிராமல் மரியாதையுடன் மறுத்துச் சொல்லுங்கள். பொது வாழ்வில் சர்வேசுரனுடைய திருநாமத்தை உச்சரிக்கும் முறை இதுவே.